பாலைமரத்துக்கும் குழாய்க் கட்டைக்கும் நடுவில்

சுடலைமுத்துவின் மூக்குச் சுளித்தால் விசுவமடுவில் பாதிக் கடை மூடிவிடும். சும்மா சொல்லவில்லை. ஒருமுறை சந்திக் கடையில் ஒரு வடையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர், மேலுதட்டை இடப்பக்கமாக ஒரு நூலளவு தூக்கினார். அவ்வளவுதான். கடைக்காரன் தட்டோடு கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினான். அன்றைக்கே வாய்க்கால் மீனெல்லாம் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து போய்விட்டதாகக் கேள்வி. ஆயுள் முழுக்க வீதித் திணைக்களத்தில் தார் காய்ச்சி ஓய்வு பெற்றவர் அவர். தார்ப்புகையில் வேறு யாருக்கும் மூக்குச் செத்துப்போயிருக்கும். அவருக்கோ சாணை பிடித்ததுபோல் கூராகிவிட்டது.

அப்படிப்பட்ட மூக்குக்கு வருசத்தில் ஒரே ஒரு நாள் லீவு. கார்த்திகையில், இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றும் நாள். அன்றைக்கு அவரும் மனைவி பேச்சியம்மாவும் மகள் நிசாந்தினியைப் புதைத்த துயிலுமில்லத்துக்குப் போவார்கள். அன்று மட்டும் யாரைப் பார்த்தும், எதைப் பார்த்தும் முகம் சுளிக்கக்கூடாது என்பது பேச்சியம்மாவின் கட்டளை.

"அங்க வந்து மூஞ்சிய அஷ்டகோணலா வெச்சிக்கிட்டு நிக்காதீங்க. புள்ள பாக்கும்."

"பாக்கட்டும். அவளுக்கும் இதே மூக்குத்தான்."

போவது எப்போதும் முத்தலிப்பின் ஓட்டோவில். முத்தலிப்புக்கும் சுடலைமுத்துவுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சுடலைமுத்து அவரை "நானா" என்பார், முத்தலிப் இவரை "அண்ணை" என்பார். இருவரும் ஒருவர் தலையில் ஒருவர் வயதைக் கட்டப் பார்ப்பார்களே தவிர ஏற்கமாட்டார்கள்.

முத்தலிப் துயிலுமில்ல வாசலோடு நின்றுவிடுவார், உள்ளே வருவதில்லை. ஏன் என்று சுடலைமுத்து ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு காலத்தில் முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போகச் சொன்னவர்களின் இடம் அது. முத்தலிப் போனதும் தெரியும், தலை நரைத்துத் திரும்பி வந்ததும் தெரியும். தெரிந்ததை எதற்குக் கேட்பது?

போகிற வழியில் மற்றப் பக்கத்து நினைவுச்சின்னம் வரும். ஆமிக்காரருக்குக் கட்டியது. புல்லைச் சீப்பால் வாரிவிட்டதுபோல் வெட்டி, பளிங்கைக் கண்ணாடியாகத் துடைத்து வைத்திருப்பார்கள். ஒரு ஈ வந்து உட்கார்ந்தாலும் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும். அன்றைக்கும் ஒரு சுற்றுலா பஸ் நின்றது. இறங்கிய சனம் ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டே, செத்துப்போன பொடியன்களின் பெயர் வெட்டிய சுவரில் சாய்ந்து நின்று படம் பிடித்தது. ஒருத்தி ஐஸ்கிறீம் பிசுக்கை அந்தச் சுவரிலேயே துடைத்தாள்.

சுடலைமுத்துவின் உதடு மேலே ஏறியது.

"என்னாங்க!" என்றாள் பேச்சியம்மா.

"இது நம்ம எடமில்லையே. இங்க சுளிச்சிக்கலாம்."

"அந்தச் செவுத்துல இருக்கிறதுவும் ஒருத்தி பெத்ததுதான்."

"அதுக்குத்தான் சுளிக்கிறேன்."

நிசாந்தினியின் கதை நீளமில்லை. டியூசனுக்குப் போன பிள்ளை. பின்னேரம் சைக்கிள் மட்டும் யாரோ உருட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு ஒருவரை இயக்கம் பிடித்துக்கொண்டு போன காலம். மலைநாட்டில் கலவரத்தில் வீடு எரிந்து, உயிர் தப்பி, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், கேட்டுப் பார்க்கப் போனால் யார் பதில் சொல்வார்கள்? பிறகு ஒருநாள் பெட்டியில் கொண்டுவந்து காட்டினார்கள், திறக்கவேண்டாம் என்றார்கள், புதைத்தார்கள். அன்றைக்குச் சுளித்த மூக்குத்தான் இன்னும் நேராகவில்லை.

சண்டை முடிந்தபின் ஆமி வந்தது. கல்லறைகள் மேல் டோசர் விட்டு, அதன்மேல் முகாம் போட்டது. வருசக்கணக்காகிக் கடைசியில் முகாம் எழும்பிப் போனபோது, சனம் ஓடிப்போய்ப் பார்த்தால் கல்லெல்லாம் நொறுங்கி மூலையில் ஒரு குவியல். எந்தப் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குக் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் ஒரு கல்லை வைத்து மாலை போட்டார்கள். சில தாய்மார் ஒவ்வொரு வருசமும் வேறு வேறு இடத்தில் அழுதார்கள்.

பேச்சியம்மா மட்டும் குத்துமதிப்பு வைக்கவில்லை. கல்லறை இருந்த காலத்தில் பூக்கன்றுக்குத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்கு அவள் நடந்த நடையில் அங்கே ஒரு தடமே விழுந்திருந்தது. குழாய் போய்விட்டது, அது நின்ற சிமெந்துக் கட்டை டோசருக்கும் அசையவில்லை. வேலியோரத்துப் பாலைமரமும் அசையவில்லை. இரண்டுக்கும் நட்டநடுவில் நிசாந்தினி. அங்கே அவள் உட்கார்ந்தால் வலக்கை மரத்தைக் காட்டும், இடக்கை கட்டையைக் காட்டும். அதில் ஒரு கல்லை நட்டாள். வருசத்தில் அந்த ஓரிடத்தில் குந்தியிருந்து, ஒரு விளக்கேற்றி, ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்து, பிள்ளையோடு கொஞ்சம் சண்டை பிடித்துவிட்டு வருவாள். அவளுக்கு உலகத்தில் வேண்டியது அவ்வளவுதான்.

இந்த வருசம் வாசலுக்குப் போக முன்னமே மூக்கு எச்சரித்தது. ஜெனரேற்றர் புகை. கொத்துரொட்டி மணம். வரிசையாக நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கக்கூசுகளின் வாசனை, பாதி முல்லைத்தீவுக்குப் போதும். மழை பெய்து குழம்பிய சேற்றில் சனம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க, லவுட்ஸ்பீக்கர் சோகப் பாட்டுப் போட்டது. பாட்டுக்கு நடுவில் ஒருவன், "வாகன இலக்கம் இன்னது, பாதையை மறிச்சு நிக்குது" என்றான். மறுபடி சோகம்.

வாசலில் பெற்றோருக்கு ஆளுக்கொரு தென்னங்கன்று கொடுத்தார்கள். மாவீரர் பெற்றோரைக் கௌரவிக்கிற வழக்கம். ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாகக் கௌரவித்ததில் சுடலைமுத்துவின் வளவில் கன்று வைக்க இடமில்லாமல், ஒன்று குசினி வாசலிலேயே நிற்கிறது. பேச்சியம்மா அதைச் சுற்றி வளைந்துதான் சோறு வடிக்கிறாள்.

"இன்னொண்ணா?" என்றார் சுடலைமுத்து. "வச்சிக்கிங்க தம்பி. எங்க வீட்டுல மனுசருக்கு எடமில்ல."

"வாங்குங்கோ ஐயா, படம் எடுக்கிறாங்கள்!"

படம் எடுத்தார்கள். கன்றைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பாலைமரம் தெரிந்தது. குழாய்க் கட்டை தெரிந்தது. நடுவில் ஒரு மேடை நின்றது.

மேடை என்றால் மேடையா! ஐந்தாறு கல்யாணத்தை ஒரே நேரத்தில் நடத்தலாம். இரும்புக் குழாயில் கால் போட்டு, பலகை பரப்பி, சுற்றிவர மஞ்சளும் சிவப்பும் துணி தொங்கவிட்டு, மேலே ஆளுயரக் கட்அவுட். கட்அவுட்டில் செத்த பிள்ளைகளின் முகம் முத்திரை அளவில். அவற்றின்மேல் பிரதேச சபைக்காரர் வீரபாகு, யானை அளவில், கைகூப்பியபடி.

பேச்சியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். வலக்கையைத் தூக்கினாள், இடக்கையைத் தூக்கினாள், இரண்டையும் இறக்கினாள்.

"கல்லு எங்கங்க?"

வீரபாகு தானாகவே வந்தார். பிரதேச சபையில் கதிரை சூடாக முன்னமே மாகாண சபைக் கதிரையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்த மனிதர். வெள்ளை வேட்டி, இந்தச் சேற்றிலும் பளபளக்கும் சப்பாத்து. வாயில் வெத்திலை இல்லாத வீரபாகுவை அவரைப் பெற்றவளும் கண்டதில்லை. கதைக்கும்போது எதிரில் நிற்பவர் குடை பிடிக்கவேண்டும்.

"அம்மா, ஐயா, வாங்கோ வாங்கோ! ஏன் பின்னுக்கு நிக்கிறியள்? உங்களுக்கு முன்னுக்குக் கதிரை போட்டிருக்கிறம்."

"எங்க புள்ள கல்லு இங்கன இருந்திச்சி," என்றாள் பேச்சியம்மா.

"ஓம் அம்மா, எடுத்து வச்சிருக்கிறம். அங்க பாருங்கோ, அந்த வரிசையின்ர கடைசியில. எல்லாக் கல்லையும் ஒழுங்கா வரிசையா வச்சிட்டம். மேல இருந்து ட்ரோனில பாத்தா எப்பிடி இருக்கும் தெரியுமே? வெளிநாட்டுச் சனம் அழுதிடும்!"

"புள்ள அங்க இல்லீங்க. இங்கதான்."

வீரபாகு வெத்திலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "அம்மா, கோவிக்காதேங்கோ. எல்லாம் அடையாளக் கல்லுத்தானே. எங்க வச்சா என்ன? உங்களை மாதிரி மலையகத்தில இருந்து வந்த சனமும் எங்கட போராட்டத்துக்குப் பிள்ளையைக் குடுத்தது எண்டு நான் பேச்சில சொல்லுவன். பேர் என்ன பிள்ளைக்கு? நிசாந்தியோ?"

"நிசாந்தினி," என்றார் சுடலைமுத்து. "நாங்க குடுக்கல்ல. எடுத்தாங்க."

அந்தச் சொல் வீரபாகுவின் காதுக்குள் போகவில்லை. அதற்குள் அவர் அடுத்த பெற்றோரின் கையைப் பிடித்துக் கமெராவுக்குத் திரும்பிவிட்டார். திரும்புகிறபோது பக்கத்தில் துப்பினார். அது சேற்றில் சிவப்பாக விழுந்தது.

மூக்கு அப்போது சுளித்ததை வெறும் சுளிப்பு என்று சொல்லமுடியாது. மேலுதடு போய்ப் புருவத்தைத் தொட்டது. ஆனால் பேச்சியம்மா கண்டிக்கவில்லை. அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஒரு முகம் இருப்பது சுடலைமுத்துவுக்குத் தெரியாது.

"போவமா?" என்று கேட்டார்.

"வெளக்கு வெக்காம நான் வரமாட்டேன். அந்தக் கடைசிக் கல்லுலயும் வெக்கமாட்டேன். அங்க எந்தத் தாயி புள்ளையோ கெடக்கு. அது தலையில நான் ஏறி ஒக்காரவா?"

சுடலைமுத்து மேடையைப் பார்த்தார். தொங்கும் துணியைப் பார்த்தார். தார் காய்ச்சிய காலத்தில், பாலங்களுக்கு அடியில் படுத்துக்கிடந்து மேலதிகாரிக்கு ஒளித்துப் பீடி குடித்த அனுபவம் அவருக்கு உண்டு. முகத்தில் மெல்ல ஒரு சந்தோசம் வந்தது.

"முட்டி வலிக்கிதா ஒனக்கு?"

"வலிக்காமயா?"

"ஊர்ந்து வருவியா?"

அவள் சேலையைத் தூக்கிச் சொருகினாள்.

ஒரு குறை இருந்தது. சாம்பிராணி போட நெருப்பு வேண்டும். பால்மாத் தகரப் பேணியில் சிரட்டைக் கரி இருந்தது, ஆனால் ஈரம். சுடலைமுத்து வாசலுக்கு ஓடினார்.

"நானா, கொஞ்சம் பெற்றோல் குடுங்க."

"என்னத்துக்கு அண்ணை? மேடையைக் கொளுத்தப் போறியளோ?"

"சே, மகளுக்குச் சாம்பிராணி போட."

கதையைக் கேட்ட முத்தலிப் சற்றுநேரம் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓட்டோவுக்குள் வைத்தார்.

"பெற்றோல் மணக்கும். அது பிள்ளைக்கு வேண்டாம். பேணியைத் தாங்க, நான் ஊதிப் பத்தவைக்கிறன்."

"நானா... உள்ளுக்கா?"

"உவங்களுக்காக இல்லை அண்ணை. உங்கட பிள்ளையை எனக்குத் தெரியாது. பேச்சியம்மா அக்காவைத் தெரியும். நட, நட, ஆரும் பாக்க முதல்."

மூன்று பேரும் மேடையின் பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். உள்ளே இருட்டும் சேறும். கம்பிக் கால்கள், வயர்கள், நேற்று மேடை போட்டவர்கள் தின்றுபோட்ட சோற்றுப் பார்சல், சோடாப் போத்தல். ஒரு மூலையில் யாரோ அவசரத்துக்கு ஒதுங்கியிருந்தது மூக்குக்குத் தெரிந்தது. சுடலைமுத்து கன்றைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே எல்லாவற்றையும் வாரி ஒரு பக்கம் தள்ளி, ஈர மண்ணைப் போட்டு மூடினார். பேச்சியம்மா துணி இடுக்கால் ஒரு பக்கம் மரத்தைப் பார்த்தாள், மறுபக்கம் கட்டையைப் பார்த்தாள், ஊர்ந்தாள், நகர்ந்தாள், உட்கார்ந்தாள்.

"இங்கதான்."

மேலே சப்பாத்துகள் நடந்தன. வீரபாகு பேசத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து, ஒவ்வொரு குத்துக்கும் பலகை இடுக்கால் ஒரு பிடி மண். அவர் பிள்ளைகளின் தியாகத்துக்கு ஒருதரம் குதித்தார், தன்னுடைய தியாகத்துக்குப் பலதரம் குதித்தார். நடுவில் பேச்சு நின்று 'புளிச்' என்று ஒரு சத்தம். பலகை இடுக்கால் சிவப்பாக ஒன்று இறங்கியது. பேச்சியம்மா அப்போதுதான் விளக்குக்குத் திரி போட்டிருந்தாள். சுடலைமுத்து கையை நீட்டினார். அது அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது.

அவர் கையைச் சேற்றில் துடைத்தார். மறுபடி துடைத்தார். முத்தலிப் தலையைத் திருப்பிக்கொண்டு பேணியை ஊதினார்.

விளக்கு எரிந்தது. ரொட்டி வந்தது. சாம்பிராணி விழுந்தது. முத்தலிப்புக்கு நுரையீரல் அந்த வயதிலும் கொல்லன் துருத்தி. ஊதிய ஊதில் புகை பந்து பந்தாகக் கிளம்பி, பலகை இடுக்கெல்லாம் புகுந்து மேலே போனது.

மேலே வீரபாகு முதலில் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். "பாருங்கோ! மண்ணே புகையுது! எங்கட பிள்ளைகளின்ர மூச்சு..." அதற்குமேல் முடியவில்லை. வெத்திலையும் சாம்பிராணியும் ஒரே தொண்டையில் சந்தித்ததில் அவர் இருமிய இருமலுக்குக் கட்அவுட் ஆடியது. மைக்கைக் கீழே போட்டுவிட்டு வேட்டித் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

விழுந்த மைக் பலகையில் கிடந்தது, நிறுத்துவார் இல்லாமல். அதன் நேர் கீழே பேச்சியம்மா. அவளுக்கு மைக்கும் தெரியாது, சனமும் தெரியாது. வருசா வருசம் பிடிக்கிற சண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது லவுட்ஸ்பீக்கரில் ஊர் முழுக்கப் போனது.

"ரொட்டி ஆறிப்போச்சி புள்ள. நான் என்னா செய்ய? ஒந் தலைக்கி மேல மேடை போட்டுட்டானுங்க. கல்லப் புடுங்கிட்டானுங்க. நீ அங்க இல்லன்னு சொன்னா, எங்க இருந்தா என்னாங்கிறான். உசுரோட இருக்கையில தூக்கிட்டுப் போனாங்க, செத்த பெறகு ஒழுதுட்டாங்க, இப்ப மேல நின்னு துப்புறாங்க. ஒனக்கு எப்பத்தான் நிம்மதி புள்ள? சம்பல்ல ஒறைப்புக் கம்மியாத்தான் போட்டிருக்கேன், தின்னு."

சோகப் பாட்டுக்காரன் பாட்டைப் போட மறந்தான். முன்வரிசைக் கதிரையில் தென்னங்கன்றை மடியில் வைத்திருந்த ஒரு கிழவி எழும்பினாள்.

"என்ர பொடியனும் அந்தப் பக்கம்தான். நானும் குழாயடியில தண்ணி எடுத்தனான்."

அவள் கன்றைக் கதிரையில் வைத்துவிட்டு, விளக்கோடு வந்து, துணியைத் தூக்கிக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒரு தகப்பன், ஊன்றுகோலை முதலில் உள்ளே எறிந்துவிட்டு. பிறகு யார் முதல், யார் பின் என்று தெரியவில்லை. முன்வரிசை முழுக்கக் காலியாகி, கதிரைகளில் தென்னங்கன்றுகள் மட்டும் மரியாதையாக உட்கார்ந்திருந்தன. மேலே ட்ரோன் அதையெல்லாம் கவனமாகப் படம் பிடித்தது.

மணி அடித்தது. பொதுச்சுடர் ஏற்றும் நேரம். ஏற்றவேண்டிய வீரபாகுவுக்கு முன்னால் ஒரு சனமில்லை. கமெராக்காரன்கூடக் குனிந்து துணிக்குள் லென்சை விட்டுக்கொண்டிருந்தான். வீரபாகு நிலைமையை ஒரு கணத்தில் கணக்குப் பார்த்தார். மேடையை விட்டு இறங்கினார், வேட்டியை மடித்தார், துணியைத் தூக்கிச் சிரித்த முகத்தை உள்ளே நீட்டினார்.

"அம்மா, கொஞ்சம் அரக்குங்கோ, நானும் ஒரு விளக்கு..."

சுடலைமுத்து மண்டியிட்டபடி குறுக்கே வந்தார். சிவப்புப் பிடித்த உள்ளங்கையை அவருக்குக் காட்டினார்.

"எடமில்லீங்க தொர. ஒங்களுக்கு அந்த வரிசை கடைசியில எடம் வச்சிருக்கோம். எங்க நின்னா என்ன?"

உள்ளே இருந்தவர்கள் அந்த இடத்தில், அந்த நாளில், சிரித்தார்கள். பிள்ளைகளைப் புதைத்த மண்ணில் சிரிப்பது சரியா என்று யாரும் யோசிக்கவில்லை. வீரபாகுவின் முகம் துணிக்கு வெளியே போனது.

விளக்குகள் அணைகிற மட்டும் இருந்தார்கள். எழும்பும் நேரம் பேச்சியம்மா எழும்பவில்லை.

"நாளைக்கி மேடையக் களட்டுவானுங்க. அடுத்த வருசம் மறுபடி போடுவானுங்களே."

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார். சுற்றிப் பார்த்தார். வாசலில் வாங்கிய தென்னங்கன்று கம்பிக் காலில் சாய்ந்து கிடந்தது. பேச்சியம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குசினி வாசலில் அதற்கு இடமில்லை.

முத்தலிப் ஓட்டோவிலிருந்து சில்லுக் கழற்றுகிற கம்பியைக் கொண்டுவந்தார். மழை மண், சுலபமாகக் கிண்டுப்பட்டது. கன்றை இறக்கி, கையால் மண்ணை அணைத்து, மிதித்தார்கள். மேலோலை போய்ப் பலகையில் முட்டி வளைந்தது. சுடலைமுத்து தோளைக் கொடுத்து ஒரு பலகையை நெம்பினார். ஒரு விரல் இடுக்கு விட்டது. ஓலை நிமிர்ந்து அதற்குள்ளால் மேலே போனது.

வெளியே வந்து பார்த்தார்கள். பாலைமரத்துக்கும் குழாய்க் கட்டைக்கும் நட்டநடுவில், வீரபாகு நின்று பேசிய அதே இடத்தில், பலகைக்கு மேலே பச்சையாக ஒரு ஓலை நீட்டிக்கொண்டிருந்தது. மேடைக்காரர் இருவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரபாகு தூரத்திலிருந்து, "புடுங்கடா அதை!" என்றார்.

"மாவீரர் கன்று அண்ணை," என்றான் ஒருவன். "நீங்கதானே குடுத்தனீங்கள். ட்ரோனும் மேல நிக்குது."

ஓட்டோவில் ஏறும்போது முத்தலிப் கேட்டார். "அண்ணை, கன்றுக்குத் தண்ணி ஆர் ஊத்துறது?"

"நீங்கதான் நானா. ஓட்டோ இருக்கு, வயசிலயும் மூப்பு."

"மூப்பு நீங்க."

சுடலைமுத்து போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெத்திலை இன்னும் போகவில்லை. மேலுதடு இடப்பக்கமாக ஏறியது.

"என்னாங்க," என்றாள் பேச்சியம்மா, "இன்னைக்கி ஒரு நாளாச்சும்..."

"நீயும்தான் சுளிச்ச. நான் பாத்தேன்."

அவள் அவருடைய கையை இழுத்து, முந்தானைக்குள் வைத்து, தோல் உரியும் அளவுக்குத் துடைத்தாள்.